கடிகாரத்தைப் பிரித்த சிறுவன்

நுழையும்முன்

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். வரிசையாக இருக்கைகள், எதிரே கரும்பலகை, மணி அடித்தால் ஒரு பாடம் முடிந்து மறுபாடம் தொடங்கும். ஆசிரியர் கூறுவதை நாற்பது மாணவர் ஒரே நேரத்தில் கேட்கின்றனர். ஒரே நாளில் தேர்வெழுதுகின்றனர். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத குழந்தையை மந்தம் என்று கூறிவிடுகிறோம். அப்படிக் கூறப்பட்ட ஒரு சிறுவன் வளர்ந்து, தானே பள்ளிகளை நிறுவினான். அவனுடைய வரலாறே இப்பாடம்.

திருப்பதிக்கு மேற்கே

தில்லியிலோ போபாலிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது திருப்பதிக்கும் சென்று வருகின்றன. நீங்களும் சென்றிருக்கக்கூடும். ரேணிகுண்டா நிலையத்தில் இறங்கியதுமே தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். திருப்பதியும் சித்தூரும் முன்பு சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. வடார்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. இரு மொழியும் அங்கு அண்டை வீட்டாரைப்போல் பழகி வந்தவை.

திருப்பதியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால் மதனப்பள்ளியை அடையலாம். அண்மைக் காலம் வரை அவ்வூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அது மேட்டுநிலம், மழை குறைவு, நாற்புறமும் பாறைக் குன்றுகள். இன்று தக்காளிச் சந்தையால் பெயர்பெற்றுள்ள அவ்வூருக்கும் நம் நாட்டுப்பண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. 1919-ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் அப்பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அம்மதனப்பள்ளியில் 1895-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. தந்தை நாராயணையா, தாய் சஞ்சீவம்மா. எட்டாவது குழந்தையாகப் பிறந்தமையால், தேவகிக்கு எட்டாவதாகப் பிறந்த கண்ணனின் பெயரை அவனுக்குச் சூட்டினர். நாராயணையா ஆங்கிலேயர் ஆட்சியில் வருவாய்த் துறை அலுவலர். பணிமாற்றம் வரும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. தந்தையின் மாற்றல் ஆணை வந்ததும் பள்ளியையும் நண்பர்களையும் விட்டுச் செல்லும் வாழ்க்கை உங்களுள் பலருக்குப் பழகியதே.

தாழ்வாரத்தில் நின்றவன்

சிறுவன் கிருஷ்ணமூர்த்திக்கு இரண்டு வயதளவில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் காய்ச்சலும் மூக்கில் இரத்தம் வடிதலும் விட்டு விட்டுத் தொடர்ந்தன. பள்ளிக்குச் செல்லாத நாள்கள் மிகுதி. சென்ற நாள்களிலும் பாடம் அவன் மனத்தில் தங்கவில்லை. செடிகளையும் பூச்சிகளையும் குனிந்து நெடுநேரம் பார்த்திருப்பான். மேகங்களைக் கண்டால் நின்றுவிடுவான். எழுதுகோலும் பலகையும் இல்லாத பிள்ளையைக் கண்டால் தன்னுடையவற்றைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவான். அவனுக்கு மூன்று வயது இளையவனான நித்தியானந்தன் படிப்பில் சுட்டி. ஆகவே, அண்ணன் மந்தம், தம்பி கெட்டிக்காரன் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டனர்.

ஒருநாள் அவன் தந்தையின் கடிகாரத்தை எடுத்துப் பிரித்துவிட்டான். பல்சக்கரங்களும் திருகுகளும் வில்லுமாகக் கடிகாரம் தரையில் பரந்து கிடந்தது. அதை மீண்டும் பூட்டி முடிக்கும்வரை பள்ளிக்குச் செல்ல மாட்டேன், உணவும் உண்ண மாட்டேன் என்று அமர்ந்துவிட்டான். இறுதியில் பூட்டியும் முடித்தான்.

இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்த உறுப்பு எதற்குப் பின் கழன்றது என்று நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சக்கரம் சுழன்றால் அடுத்தது ஏன் சுழல்கிறது என்று விளங்க வேண்டும். தவறாகப் பூட்டினால் கழற்றி மீண்டும் தொடங்கப் பொறுமை வேண்டும். நினைவாற்றல், காரண காரிய அறிவு, விடாமுயற்சி ஆகிய இவற்றை வளர்ப்பதே தன் நோக்கம் என்றுதான் எந்தப் பள்ளியும் கூறும். இவையெல்லாம் அச்சிறுவனிடம் இருந்தன. ஆனால், கடிகாரம் பாடத்திட்டத்தில் இல்லை.

அக்காலப் பள்ளிகள் எவ்வாறு இருந்தன? ஊர்ப்புறங்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சுவடியையும் எண்சுவடியையும் உரக்கக் கூறி மனப்பாடம் செய்தனர். நகரங்களில் ஆங்கிலப் பள்ளிகள் வந்துவிட்டன. அங்கும் மனப்பாடமே முதன்மை பெற்றது. அதைத் தேர்வில் ஒப்பிப்பவருக்கு மெட்ரிகுலேசன் சான்றிதழும், அதன்வழி அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் கிடைத்தன. இருவகைப் பள்ளியிலும் பிரம்பு இருந்தது.

இம்முறையால் எவரும் பயன்பெறவில்லை என்று கூறிவிட முடியாது. கிருஷ்ணமூர்த்தி பிறப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன் திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் திருப்பதியில் கிறித்தவ மறைப்பணியாளர் நடத்திய பள்ளியில் பயின்றார். உதவித்தொகைகளின் துணையால் வேலூரிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பெற்று நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய பிறந்தநாளைத்தான் நாம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில், ஒரே வகைக் கல்வி ஒருவரை ஏணியில் ஏற்றியது; மற்றொருவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது.

வெளியே நிறுத்தியது என்பது வெறும் சொல்லன்று. 1905-ஆம் ஆண்டு தாய் சஞ்சீவம்மா மறைந்தார். கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது பத்து வயது. ஓய்வு பெற்ற நாராயணையா, 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் பிள்ளைகளுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபையில் பணியேற்றார். சிறுவர்கள் மயிலாப்பூரில் இருந்த ஒரு பள்ளிக்கு நடந்து சென்றனர். பாடம் ஒப்பிக்க இயலாத கிருஷ்ணமூர்த்தி நாள்தோறும் அடிபட்டான். அடித்துச் சலித்த ஆசிரியர் அவனைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார். பிறகு மறந்தும் போனார். பள்ளி முடிந்தபின் தம்பி நித்தியானந்தன் வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்வரை அவன் அங்கேயே நின்றிருப்பான்.

அடித்தல் கொடியது, மறத்தல் அதனினும் கொடியது. அடிப்பவர் நினைவில் அக்குழந்தை அப்போதாவது இருக்கிறது.

அன்பால் செய்த அச்சு

அந்த ஆண்டே அவன் வாழ்வு திசை மாறியது. அடையாற்றுக் கடற்கரையில் அவனைக் கண்ட லெட்பீட்டர் என்னும் பிரம்மஞான சபை முன்னோடிகளுள் ஒருவர், இச்சிறுவனிடம் தன்னலம் சிறிதும் இல்லை, இவன் உலகுக்கே ஆசானாக வருவான் என்று அறிவித்தார். சிறுவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து வந்த மற்றோர் ஆங்கிலேயர் இதைக் கேட்டு வியந்தார். அவரும் இவனை மந்தம் என்றே எண்ணியிருந்தார். சபையின் தலைவராகிய அன்னி பெசன்ட் அம்மையார் அண்ணன் தம்பி இருவரையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைத் திருப்பித் தருமாறு நாராயணையா தொடுத்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்கு வெற்றியாகவும், இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றத்தில் தோல்வியாகவும் முடிந்தது.

பிரம்படிப் பள்ளி நின்றது. வீட்டிலேயே ஆசிரியர்கள், நல்லுணவு, நீச்சல், மிதிவண்டி, டென்னிசு என்று நாள்கள் கழிந்தன. அன்னி பெசன்ட் அவனைத் தாய்போல் நேசித்தார். அவனும் அவரை அம்மா என்றே அழைத்தான். ஆயினும், அங்கும் எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தன. எப்போது எழ வேண்டும், எதை உண்ண வேண்டும், யாருடன் பழக வேண்டும், வளர்ந்தபின் யாராக வேண்டும் என அனைத்தையும் பெரியவர்களே வகுத்தனர். ஆங்கிலம் சரளமாக வந்தது. தெலுங்கு சிறிது சிறிதாக அவன் நாவிலிருந்து நழுவி, பின்னாளில் மறந்தே போயிற்று. சொந்த ஊருக்குத் திரும்பியபோது, அவ்வூர் மக்களுடன் தாய்மொழியில் உரையாட அவரால் இயலவில்லை. தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் உங்களுக்கு அந்த இழப்பின் அளவை விளக்க வேண்டியதில்லை.

1911-ஆம் ஆண்டு இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பலமுறை எழுதியும் கிருஷ்ணமூர்த்தி தேறவில்லை. நித்தியானந்தன் தேறிச் சட்டம் பயின்றார். எல்லாத் தேர்விலும் வென்ற அத்தம்பி 1925-ஆம் ஆண்டு காசநோயால் இறந்தார். தாழ்வாரத்திலிருந்து தம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் போய்விட்டார். அத்துயரம் கிருஷ்ணமூர்த்தியை உலுக்கியது. பிறர் தமக்குச் சொல்லித் தந்த நம்பிக்கைகளை எல்லாம் அவர் கேள்விக்கு உட்படுத்தத் தொடங்கினார்.

1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள். நெதர்லாந்தில் ஓமன் என்னும் ஊரில் மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். அவரை உலக ஆசானாக ஏற்று உருவான அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி அக்கூட்டத்திலேயே கலைத்தார். தமக்குச் சீடர்கள் வேண்டா என்றார். அன்பர்கள் அளித்திருந்த நிலங்களையும் ஒரு கோட்டையையும் திருப்பிக் கொடுத்தார்.

மயிலாப்பூர் ஆசிரியர் பிரம்பால் செய்ய முயன்றதை அடையாற்றுப் பெரியவர்கள் அன்பால் செய்ய முயன்றனர் என்றே தோன்றுகிறது. இரண்டும் அச்சுகளே. முதல் அச்சில் அவர் பொருந்தவில்லை. இரண்டாம் அச்சை அவரே உடைத்தார். கல்வியைப் பற்றி அவர் பின்னர்க் கூறியவற்றைப் புரிந்துகொள்ள இவ்விரண்டு அனுபவங்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆலமரம் நின்ற பள்ளத்தாக்கு

அமைப்பைக் கலைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தாம் பிறந்த மண்ணில் ஒரு கல்விக்கூடம் அமைய வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்தி விரும்பினார். மதனப்பள்ளிக்கு அருகே, குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. ரிஷிகொண்டா என்னும் மலை அதன் தலைமாட்டில் நிற்கிறது. முனிவர்கள் அங்குத் தவம் செய்தனர் என்பது ஊர்வழக்கு. பள்ளத்தாக்கில் மிகப் பழைய ஆலமரம் ஒன்று விழுதூன்றிப் பரந்து நின்றது. மற்றபடி, முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலம் வறண்ட பொட்டல். சென்னைக் கிண்டியில் நடந்துவந்த ஒரு பள்ளி 1931-ஆம் ஆண்டு அங்கு இடம்பெயர்ந்தது. ஜி. வி. சுப்பாராவ் தலைமையாசிரியர் ஆனார். இவ்வாறு தொடங்கியதே ரிஷி வேலி எனப்படும் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி.

கிருஷ்ணமூர்த்தி அங்கு ஆசிரியராகப் பணியாற்றவில்லை. உலகெங்கும் சென்று உரையாற்றி வந்த அவர், இந்தியாவுக்கு வரும் குளிர்காலங்களில் அப்பள்ளியில் சில வாரங்கள் தங்குவார். மாணவர்களோடு அமர்ந்து பேசுவார். ஆசிரியர்களோடு நெடுநேரம் விவாதிப்பார். மாலையில் குன்றுகளை நோக்கி விரைந்து நடப்பார். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவுக்கு வர இயலாமல் அமெரிக்காவில் ஓஹாய் என்னும் சிற்றூரில் தங்கியபோது, பசு கறந்தும் காய்கறி பயிரிட்டும் தேனீ வளர்த்தும் வாழ்ந்தார். கடிகாரத்தைப் பிரித்த கைகள் சும்மா இருக்கவில்லை.

அப்பள்ளி பிற பள்ளிகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டது? ஒரு மாணவனை மற்றொரு மாணவனோடு ஒப்பிடுவதைக் கிருஷ்ணமூர்த்தி ஏற்கவில்லை. கெட்டிக்காரத் தம்பியோடு ஒப்பிடப்பட்ட அண்ணன் அல்லவா அவர்! ஒப்பிடும்போது நாம் பார்ப்பது இடைவெளியை மட்டுமே. குழந்தையைப் பார்ப்பதில்லை என்பது அவர் கருத்து. அதனால் முதலிடம், இரண்டாமிடம் என்னும் பட்டியல் அங்கு இல்லை. பரிசு காட்டிப் படிக்க வைப்பதும் தண்டனை காட்டிப் படிக்க வைப்பதும் அவருக்கு ஒன்றே. இரண்டிலும் படிப்பின் மீது நாட்டமில்லை, அச்சமே இருக்கிறது. அச்சமுற்ற மனம் கற்காது என்பதை அவர் எந்த நூலிலும் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

மாணவன் சாளரத்துக்கு வெளியே பார்த்தால், பாடத்தைக் கவனி என்று வழக்கமான ஆசிரியர் அதட்டுவார். சற்று அவ்வெளியையே நன்றாகப் பார்க்க விடுங்கள் என்பார் கிருஷ்ணமூர்த்தி. அந்தப் பறவையை, அந்த இலையை முழுமையாகப் பார்த்து முடித்தவன் புத்தகத்தையும் அதே கவனத்தோடு பார்ப்பான் என்று அவர் கருதினார். கவனம் என்பது கட்டளையால் வருவதன்று என்ற இக்கருத்து அப்பள்ளியின் அன்றாட வாழ்விலும் இடம்பெற்றது. 1950-களில் முதல்வராக இருந்த கோர்டன் பியர்ஸ் காலத்திலிருந்து, மாலையில் மாணவர்கள் திறந்தவெளியில் அமர்ந்து கதிரவன் மறைவதைப் பேசாமல் பார்க்கும் வழக்கம் இருந்து வருகிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது. யார் நன்றாகப் பார்த்தார் என்று எவரும் கேட்பதில்லை.

பொட்டல் நிலமே பாடமாகவும் அமைந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் மரம் நட்டனர்; மழைநீர் மண்ணில் இறங்கக் குட்டைகளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. பசுமை திரும்பியது, பறவைகளும் திரும்பின. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் அரிய பறவையான மஞ்சள் தொண்டைச் சின்னானை அங்குக் காணலாம். ஒரு பறவையின் பெயரையும் உணவையும் பாடநூலில் படித்து எழுதுவது ஒருவகைக் கல்வி. தான் நட்ட மரத்தில் அது கூடு கட்டுவதை விடியற்காலையில் காத்திருந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது மற்றொரு வகை. இரண்டாவதில் பிழை நேர்ந்தால், திருத்துவது ஆசிரியரின் சிவப்பு மை அன்று. மறுநாள் வரும் பறவையே திருத்திவிடும்.

கைகளால் செய்து கற்கும் கல்வி கிருஷ்ணமூர்த்தியிடமிருந்து மட்டும் பிறந்ததன்று. தாகூர் சாந்திநிகேதனில் மரத்தடி வகுப்புகளை 1901-லேயே தொடங்கினார். நூற்பும் கைத்தொழிலும் கல்வியின் நடுவே இருக்க வேண்டும் என்று 1937-இல் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1939-இல் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். இவர்களிடமிருந்து கிருஷ்ணமூர்த்தி வேறுபடும் இடம் ஒன்றுண்டு. முறை எவ்வளவு சிறந்ததாயினும், அதை அப்படியே பின்பற்றத் தொடங்கினால் அதுவும் ஓர் அச்சாகிவிடும் என்று அவர் ஐயுற்றார். ஆகவே, ஆசிரியர்களுக்குக் கையேடு எதையும் அவர் எழுதித் தரவில்லை. குழந்தையைப் பாருங்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கூறினார். 1953-இல் வெளிவந்த அவருடைய கல்வி நூலும், 1978 முதல் தம் பள்ளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களும் இதையே வலியுறுத்துகின்றன.

இது கேட்க இனிது, நடத்த அரிது. அதன் இடர்ப்பாடுகளையும் கூற வேண்டும். கீழ் வகுப்புகளில் தேர்வின்றிப் பயின்ற மாணவர்களும் பத்தாம் வகுப்பில் மற்றவர்களைப்போலவே பொதுத்தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். கல்லூரி வாயிலில் மதிப்பெண்ணைத்தானே கேட்கின்றனர்! மேலும், அது கட்டணம் செலுத்தித் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளி. வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்குச் சேர்ந்தனர். பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த சிற்றூர்க் குழந்தைகள் ஆடு மேய்த்துக்கொண்டு அப்பள்ளியின் வேலியைக் கடந்து சென்றனர். பின்னர் வாரணாசி, சென்னை, பெங்களூரு, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல இடங்களில் அவர் பெயரால் பள்ளிகள் எழுந்தன. தாம் விரும்பியது இவற்றில் நிகழ்ந்ததா என்று ஆசிரியர்களிடம் அவர் இறுதிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1985-ஆம் ஆண்டின் இறுதியில் தொண்ணூறு வயதில் அவர் ரிஷி பள்ளத்தாக்குக்கு வந்ததே கடைசி முறை. அங்கிருந்து சென்னை சென்றார். இந்தியாவை விட்டுப் புறப்படும் முன், எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு தம்மை ஒருவர் கண்டெடுத்த அதே அடையாற்றுக் கடற்கரையில் நடந்தார். 1986 பிப்ரவரி 17-ஆம் நாள் ஓஹாயில் மறைந்தார்.

வேலிக்கு அப்பால்

வேலிக்கு வெளியே நின்ற குழந்தைகளின் கதை அதன்பின் வளர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா என்னும் ஆசிரிய இணையர் ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு பள்ளிகளை அமைக்கத் தொடங்கினர். அவ்வூர்களின் நிலைமையே வேறு. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புக் குழந்தைகளும் அதே அறையில். நிலக்கடலை பறிக்கும் பருவத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தபின் விட்டுப்போன பாடம் புரியாது. புரியாதவன் பின்தங்குவான், பின்தங்கியவன் நின்றுவிடுவான். காய்ச்சலால் பள்ளியைத் தவறவிட்ட மதனப்பள்ளிச் சிறுவனுக்கு நேர்ந்ததும் இதுதானே!

அவர்கள் பாடநூலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்தனர். ஓர் அட்டை புதியதை அறிமுகம் செய்யும். மற்றொன்று பயிற்சி தரும். அடுத்தது கற்றதைச் சோதிக்கும். தடுமாறும் குழந்தைக்கென ஓர் அட்டை, விரைந்து முடித்த குழந்தைக்கென இன்னோர் அட்டை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் கண்டுபிடிக்கும்படி அவற்றில் படக்குறிகள் இருந்தன. எந்த அட்டைக்குப் பின் எது என்பதைக் காட்டும் கற்றல் ஏணி ஒன்று சுவரில் தொங்கியது. குழந்தை தான் நிற்கும் படியை ஏணியில் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, உரிய குழுவில் சென்று அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவுவார்; ஒரு குழுவில் மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு உதவும்; சிலர் தாமே செய்து முடிப்பர். கதைகளும் விடுகதைகளும் அவ்வூர்த் தாய்மாரிடம் கேட்டுத் தொகுக்கப்பட்டன. அனைத்தும் தெலுங்கில் அமைந்தன. அளவைகளைக் கற்க, குழந்தைகளே கடை விரித்து எடைபோட்டு விற்கும் சந்தைநாளும் உண்டு.

கடலை பறித்துத் திரும்பிய சிறுமி, தான் விட்ட படியிலேயே மீண்டும் தொடங்கலாம். வகுப்பு அவளை விட்டுவிட்டு முன்னே சென்றிருக்காது.

முறையைக் கண்டு ஐயுற்ற ஒருவரின் பள்ளியிலிருந்தே இவ்வளவு ஒழுங்கான முறை ஒன்று பிறந்தது வியப்புத்தான். ஆனால், ஒரே ஆசிரியர் முப்பது குழந்தைகளை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டுமானால் ஏதேனும் ஓர் அமைப்பு வேண்டும். தாமே தம் பாடத்தைக் கண்டுபிடித்துக் கொள்ளும் குழந்தைகளால் ஆசிரியருக்குக் கிடைப்பது நேரம். தடுமாறுகிற குழந்தையின் அருகில் அமர்வதற்கான நேரம் அது.

2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி பள்ளத்தாக்குக்குச் சென்று இப்பள்ளிகளைப் பார்த்தனர். திரும்பி வந்து தமிழில் அட்டைகள் செய்தனர். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முயற்சி, மாநகராட்சியின் பிற பள்ளிகளுக்கும், 2007-2008 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. செயல்வழிக் கற்றல் என்பது அதன் பெயர். உங்கள் ஊரில் இருக்கும் மாமன் பிள்ளைகளோ பெரியப்பா பிள்ளைகளோ அக்காலத்தில் அரசுப் பள்ளியில் பயின்றிருந்தால், பாயில் வட்டமாக அமர்ந்ததையும், குழந்தையின் உயரத்துக்குச் சுவரின் அடியில் தீட்டிய கரும்பலகையையும், தாங்கள் வரைந்த படங்கள் கம்பிப் பந்தலில் தலைக்கு மேல் தொங்கியதையும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆசிரியர்கள் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தனர். வீட்டுப்பாடம் எங்கே, புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டனர். அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின. பின்னாளில் முறையிலும் பல மாற்றங்கள் வந்தன. அப்போது படித்த அண்ணனையோ அக்காவையோ அடுத்த விடுமுறையில் சந்தித்தால், ஏணியில் எந்தப் படி தங்களுக்குக் கடினமாக இருந்தது என்று கேட்டு, அவர்கள் கூறுவதைத் தமிழில் எழுதி வாருங்கள்.